தெருநாய் யார் வளர்த்த நாய்?

‘டாக்டர், இந்தத் தெருநாய்களையெல்லாம் பிடிச்சு ஒரேயடியா ஒழிச்சுட்டா என்ன?’

கடிபட்டவர்கள், கடிபட்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள், கடைசி பஸ்ஸில் இறங்கி இருட்டில் வீட்டுக்கு நடப்பவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி இது. அதே தெருவில் இன்னொரு கட்சியும் உண்டு. ‘பாவம் சார், வாயில்லா ஜீவன். அது பாட்டுக்குப் படுத்திருக்கு’ என்று மீதிச் சோற்றைக் கொண்டுபோய் வைப்பவர்கள்.

இரண்டு பேரும் நல்லவர்கள்தான். இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தச் சண்டை ஏதோ நேற்று நம் தெருவில் தொடங்கியது என்று நினைத்துவிடாதீர்கள். பம்பாய், சென்னை, லண்டன், இஸ்தான்புல் என்று நகரம் பெருத்த இடங்களில் எல்லாம் நூறு, இருநூறு வருஷங்களாக நடந்துவரும் சண்டை இது. எதைச் செய்தால் பலன் உண்டு, எதைச் செய்தால் வீண் என்பதற்கான விடையும் அந்தச் சரித்திரத்திலேயே கிடக்கிறது. அதைத் தெரிந்துகொள்வது வெறும் பொழுதுபோக்கு அல்ல. நாளைக்கு நம் வீட்டுப் பிள்ளையை ஒரு நாய் கடித்தால் உயிரைக் காப்பாற்றுவது அந்த விவரம்தான்.

வேலை இருந்த காலம்

எங்கள் சிலமலை, போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் போகிற சாலையில் ஏலமலையின் அடிவாரத்தில் இருக்கிற ஊர். இதே சாலையில் தேவாரம் தாண்டி, இளையராஜா பிறந்த பண்ணைப்புரத்தையும் தாண்டினால் கோம்பை வரும். நாய் வளர்ப்பவர்களுக்கு அந்தப் பேரைச் சொன்னாலே போதும், கண்கள் மலர்ந்துவிடும். செம்பழுப்பு உடம்பு, கருத்த மூஞ்சி, அகன்ற தாடை கொண்ட கோம்பை நாய் அந்த ஊரின் பேரைத் தாங்கியது. காட்டுப்பன்றியை எதிர்த்து நிற்கவும், பட்டியையும் தோட்டத்தையும் காக்கவும் வளர்க்கப்பட்ட நாய் அது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி என்று நம் தென்மாவட்டங்கள் தந்த மற்ற நாட்டு இனங்களும் இப்படித்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருந்தது.

மனிதன் ஏர் பிடிப்பதற்கு முன்பே, குறைந்தது பதினைந்தாயிரம் வருஷங்களுக்கு முன்பே, அவனோடு வந்து சேர்ந்த பிராணி நாய். கிராமத்தில் அதற்கு ஒரு வீடு, ஒரு பேர், களத்துமேட்டிலோ ஆட்டுக்கிடையிலோ ஒரு காவல் வேலை இருந்தன. கூலியாக ஒரு சட்டிக் கஞ்சி. யாருக்கும் சொந்தமில்லாத ஊர்நாய்களும் இருந்தன. ஆனால் ஊரில் மிஞ்சுகிற சோறு எவ்வளவோ, அவ்வளவு நாய்தான் பிழைக்கும். மிச்சமே இல்லாத வீடுகள் நிறைந்த ஊரில் எத்தனை நாய் இருக்க முடியும்?

நகரம் வந்ததும் கணக்கு மாறிப்போனது. துறைமுகம், மில், சந்தை, ஆட்டுத்தொட்டி, ஓட்டல் என்று ஜனம் ஒரே இடத்தில் குவிந்தது. குப்பையும் குவிந்தது. நாய்க்கு அங்கே வேலை இல்லை, ஆனால் சோறு மட்டும் நிறைய இருந்தது. சொந்தக்காரன் இல்லாத, ஆனால் பசியும் இல்லாத நாய்க்கூட்டம் இப்படித்தான் உருவானது. தெருநாய் என்று நாம் சொல்வது காட்டிலிருந்து வந்த பிராணி அல்ல. நம் நகரம், தனக்கே தெரியாமல், வளர்த்துவிட்ட பிராணி.

தலைக்கு எட்டணா

முதலில் எல்லா நகரமும் யோசித்தது ஒரே வழிதான், கொல்வது.

1832ஆம் வருஷம் பம்பாயில் கோடைக்காலத்தில் தெருநாய்களைக் கொல்ல வெள்ளைக்கார அரசு உத்தரவு போட்டது. கொன்ற நாய் ஒன்றுக்கு எட்டணா சன்மானம். காசு ஆசையில் சேவகர்கள் வீட்டு நாய்களையும் விடவில்லை. நாயைப் புனிதமாகப் போற்றுகிறவர்கள் பார்சிகள். அவர்கள் கொதித்துப்போய் ஜூன் 6ஆம் தேதி எதிர்த்துக் கிளம்பினார்கள். மறுநாள் கடையடைப்பு நடந்தது, வெள்ளைக்காரப் படைக்குப் போக வேண்டிய உணவுப் பொருள்கள் தடுக்கப்பட்டன. பம்பாய் கண்ட முதல் பெரிய கலவரங்களில் ஒன்று நாய்களுக்காக நடந்தது என்றால் இன்றைக்கு ஆச்சரியமாக இருக்கிறது அல்லவா?

1910இல் துருக்கியின் இஸ்தான்புல் நகரத்தில் இன்னும் பயங்கரம். நகரத்தை ஐரோப்பா மாதிரி நாகரிகமாக்குகிறோம் என்று சொல்லி, பல்லாயிரக்கணக்கான தெருநாய்களைப் படகில் ஏற்றி, மார்மரா கடலில் தண்ணீரும் சோறும் இல்லாத ஸிவ்ரியாடா என்ற பாறைத் தீவில் கொண்டுபோய் விட்டார்கள். அவை பசியில் ஊளையிட்டே செத்தன. சரி, இஸ்தான்புல்லில் நாய் ஒழிந்ததா? இன்றைக்கும் அந்த நகரத்துத் தெருக்களில் நாய்கள் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன.

நம் சென்னைக்கு வருவோம். ப்ளூ கிராஸ் அமைப்பின் தலைவராக இருந்த டாக்டர் சின்னி கிருஷ்ணா எழுதியுள்ள விவரப்படி, சென்னை மாநகராட்சி 1860ஆம் ஆண்டிலேயே தெருநாய்களைப் பிடித்துக் கொல்லத் தொடங்கிவிட்டது. லண்டனில் மேரி டீல்பி என்ற அம்மையார் தொலைந்துபோன, பட்டினி கிடக்கிற நாய்களுக்காக ஒரு காப்பகம் திறந்ததும் அதே 1860இல்தான். ஒரே சாம்ராஜ்யத்தின் இரண்டு நகரங்களில், ஒரே வருஷத்தில், இரண்டு வழிகள்!

சென்னையின் வயதானவர்களுக்கு ‘லெத்தல் சேம்பர்’ என்ற பேர் ஞாபகம் இருக்கும். வலைபோட்டுப் பிடித்த நாய்களை வண்டியில் கொண்டுபோய் மின்சாரம் பாய்ச்சிக் கொன்ற இடம். சின்னி கிருஷ்ணா தரும் கணக்கில், 1996 வாக்கில் ஒரு நாளைக்கு 135 நாய்கள் வரை கொல்லப்பட்டன. 1860இல் ஆரம்பித்த வேலை 136 வருஷம் கழித்தும் முடியவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம்? கொல்லக் கொல்ல நாய் வந்துகொண்டே இருந்தது என்பதுதானே!

ஏன் அப்படி?

காரணம் ரொம்ப எளிது. ஒரு தெருவில் பத்து நாய்க்கான தீனி இருக்கிறது என்று வையுங்கள். பத்தையும் பிடித்துக்கொண்டு போனால் தீனி அப்படியே கிடக்கும். பக்கத்துத் தெரு நாய் அங்கே குடிவரும். புதிதாக வருவது எந்த நாய், எங்கிருந்து வந்தது, தடுப்பூசி போட்டதா என்று யாருக்கும் தெரியாது. எஞ்சிய பெட்டை நாய் போடுகிற குட்டிகளும் நல்ல தீனியில் அதிகமாகப் பிழைக்கும். நாயின் கர்ப்பகாலம் சுமார் 63 நாள்தான். ஒரு ஈற்றில் நாலைந்து குட்டி சர்வசாதாரணம். காலி செய்த இடம் எத்தனை நாள் காலியாக இருக்கும்?

குப்பைக்கும் நாய்க்கும் உள்ள சம்பந்தத்துக்கு நம் நாட்டிலேயே ஒரு சோகமான சாட்சி உண்டு. செத்த மாடுகளைத் தின்று தீர்த்தவை பிணந்தின்னிக் கழுகுகள். மாட்டுக்கு வலி தீர டைக்ளோஃபெனாக் மருந்து கொடுக்க ஆரம்பித்த பிறகு, அந்த மாட்டின் சடலத்தைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டு 1990களிலிருந்து கொத்துக் கொத்தாக மடிந்தன. மாட்டு வைத்தியத்தில் அந்த மருந்துக்கு 2006இல் மத்திய அரசு தடை போட்டது. அதற்குள் பல இடங்களில் கழுகின் பந்தி நாய்க்குப் போய்விட்டது. மருத்துவர்கள் இதை ஏன் கவனிக்கிறார்கள் தெரியுமா? தீனி பெருகினால் நாய் பெருகும், நாய் பெருகினால் கடி பெருகும், கடி பெருகினால் வெறிநோயும் பெருகும்.

குன்னூரில் பிறந்த மருந்து

நாய் என்றால் நகரம் பயந்ததற்கு முக்கியக் காரணமே இந்த வெறிநோய்தான். ரேபிஸ் என்று சொல்கிறோமே, அதுதான். நோயின் குறிகள் ஒருமுறை தோன்றிவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லவே இல்லை. அந்தக் காலத்தில் வெறிநாய் கடித்துவிட்டது என்றால் வீடே சாவு வீடாகிவிடும்.

1885 ஜூலை 6ஆம் தேதி பாரிஸில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனுக்கு முதல்முறையாகத் தன் தடுப்பு மருந்தைச் செலுத்தினார். பையன் பிழைத்தான்.

இந்தியாவில் இந்த மருந்துக்கென்று முதல் நிலையம் 1900இல் இமயமலைப் பக்கம் கசௌலியில் வந்தது. தெற்கே இருக்கிற நமக்கு அது எட்டாத தூரம். 1902இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, நாய் கடித்து, காலத்தில் மருந்து கிடைக்காமல் வெறிநோயில் இறந்தார். அந்த மரணம் அரசாங்கத்தை உலுக்கியது. ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தர் இந்தியாவுக்கு அளித்த நன்கொடையில் ஒரு பகுதியைக் கொண்டு, 1907 ஏப்ரலில் நீலகிரி மலையில் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது. நம் பாட்டன் பூட்டன் காலத்தில் ‘நாய் கடிச்சவங்க குன்னூருக்குப் போகணும்’ என்று சொன்னது இதைத்தான்.

அப்போது கொடுத்தது ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த மருந்து. கசௌலியில் டேவிட் செம்பிள் என்ற மருத்துவர் உருவாக்கியது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று இன்றைக்கும் ஜனங்கள் மிரளுகிறார்களே, அந்த ஊசிதான் அது. வலி அதிகம், சிலருக்கு நரம்புக் கோளாறும் வந்தது. அந்த மருந்தை இந்தியா 2004 டிசம்பரோடு அடியோடு நிறுத்திவிட்டது. இப்போது போடுவது கையில், ஆய்வகத்தில் செல் வளர்த்துத் தயாரிக்கிற நவீன ஊசி. தொப்புள் ஊசிக்குப் பயந்துகொண்டு யாராவது ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்தால், தயவுசெய்து இந்தப் பத்தியை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

கொல்லாமல் வென்ற ஊர்கள்

மனிதனுக்கு மருந்து கிடைத்தது. நாய்க்கு?

இங்கிலாந்து கொலையை மட்டும் நம்பவில்லை. 1897 முதல் நாய்களுக்கு வாய்க்கூடு கட்டாயம், வெளிநாட்டிலிருந்து வரும் நாயைப் பல மாதம் தனியே அடைத்து வைப்பது என்று கண்டிப்பாக நடந்துகொண்டது. 1902இல் அந்நாட்டில் வெறிநோய் ஒழிந்தது. முதல் உலகப்போர் முடிந்த சமயத்தில் திரும்ப நுழைந்தது, 1922இல் மறுபடியும் ஒழித்தார்கள். ஜப்பான் 1950இல் ஒரு சட்டம் கொண்டுவந்து வளர்ப்பு நாய்களுக்குப் பதிவையும் தடுப்பூசியையும் கட்டாயமாக்கியது. ஏழே வருஷத்தில், 1957இல், அந்த நாட்டு நாய்களிடமிருந்து நோய் போய்விட்டது.

பக்கத்து இலங்கையைப் பாருங்கள். 1970களின் தொடக்கத்தில் அங்கே வருஷத்துக்கு முந்நூறு பேருக்கு மேல் வெறிநோயில் இறந்துகொண்டிருந்தார்கள். நாய்களுக்குத் தடுப்பூசி போடுவதை ஒரு இயக்கமாக நடத்திய பிறகு அது இருபது, முப்பது என்று இறங்கிவிட்டது. நம் கோவாவில் 2014 முதல் ஊர் ஊராகப் போய் வலையோடும் ஊசியோடும் நாய்களுக்குத் தடுப்பூசி போட்டார்கள். 2018 தொடங்கிச் சில ஆண்டுகள் அங்கே ஒரு மனித மரணம்கூடப் பதிவாகவில்லை.

சென்னையிலும் இந்த யோசனை பிறந்தது வெகு முன்பே. விமானியாக இருந்த கேப்டன் வி. சுந்தரம் 1959இல் தொடங்கிய ப்ளூ கிராஸ், 1960களிலேயே ‘கொல்லாதீர்கள், கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, அதே இடத்தில் விடுங்கள்’ என்று மாநகராட்சியிடம் சொன்னது. காதில் ஏற முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது. 1996இல்தான் மாநகராட்சி ஒப்புக்கொண்டது. 2001இல் அதுவே நாடு முழுமைக்கும் மத்திய அரசின் விதியானது. 2023இல் அந்த விதிகள் புதுப்பிக்கப்பட்டன.

அப்படியானால் சென்னையில் பிரச்னை தீர்ந்திருக்க வேண்டுமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2024இல் மாநகராட்சி எடுத்த கணக்கில் சென்னையில் சுமார் 1.8 இலட்சம் தெருநாய்கள். அவற்றில் கருத்தடை ஆனவை கால்வாசியை ஒட்டித்தான். இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. ஒரு பகுதியில் உள்ள நாய்களில் 100க்கு 70க்காவது தடுப்பூசி போட்டால்தான் வெறிநோயின் சங்கிலி அறும். முப்பதுக்குப் போட்டுவிட்டு மூட்டை கட்டினால் செலவுதான் மிச்சம். அரைகுறை வைத்தியம் வைத்தியமே ஆகாது. மருந்தைப் பாதியில் நிறுத்தின நோயாளி மாதிரிதான் நம் நகரங்களும்!

2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்திலும் இந்தப் பழைய சண்டை வெடித்தது. டில்லிப் பகுதியின் தெருநாய்கள் எல்லாவற்றையும் பிடித்துக் காப்பகத்தில் அடையுங்கள் என்று 11ஆம் தேதி ஒரு உத்தரவு. பெரிய எதிர்ப்பு கிளம்பியது. 22ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்ததும் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநோய் உள்ளதையும் மூர்க்கமானதையும் மட்டும் விடக்கூடாது, கண்ட இடத்தில் தீனி வைக்காமல் அதற்கென்று இடம் ஒதுக்க வேண்டும் என்றது. நவம்பரில் பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம் போன்ற இடங்களில் உள்ள நாய்களைக் காப்பகத்துக்கு மாற்றச் சொன்னது. குழந்தைகளும் நோயாளிகளும் புழங்குகிற இடத்துக்கு ஒரு நியாயம், மற்ற தெருவுக்கு ஒரு நியாயம் என்று வழக்கு போயிற்று. பம்பாய் கலவரம் நடந்து 193 வருஷம் ஆனபின்பும் விவாதம் ஓயவில்லை பாருங்கள்.

ஒரு சித்த மருத்துவன் சொல்கிறேன்

இனி நம் வீட்டு விஷயம்.

தமிழ்நாட்டில் 2024ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 4.8 இலட்சம் பேர் நாய்க்கடிக்கு ஆளானார்கள். 43 பேர் வெறிநோயில் இறந்தார்கள். நாடு முழுக்க வருஷத்துக்குச் சுமார் 5,700 பேர் சாகிறார்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மதிப்பிடுகிறது. ஒவ்வொன்றும் தடுத்திருக்கக் கூடிய சாவு. அதுதான் நெஞ்சை அறுக்கிறது.

எங்கள் பக்கத்தில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் விடிவதற்கு முன்பே தூக்குவாளியோடு ஜீப்புக்காகத் தெருமுனையில் நிற்பார்கள். இருட்டு. நாய் கவ்விவிடும். ‘லேசாத்தான் பல்லு பட்டிருக்கு, ஒருநாள் சம்பளத்தை விட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு எங்க போறது’ என்று மஞ்சளையோ சுண்ணாம்பையோ அப்பிக்கொண்டு மலையேறிவிடுவார்கள். சாயங்காலம் என்னிடம் வந்து, ‘வைத்தியரே, ஏதாவது பச்சிலை கொடுங்க’ என்பார்கள்.

நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன். நஞ்சு நூல் எங்களுக்குப் பாடம். வெறிநாய்க்கடியை நம் முன்னோர் நன்றாகவே கவனித்திருக்கிறார்கள். சுசுருத சம்ஹிதையும், கடிபட்டவன் தண்ணீரைக் கண்டு அஞ்ச ஆரம்பித்துவிட்டால் அது சாவுக்குறி என்று அந்தக் காலத்திலேயே சொல்லிவைத்தது. நோயைச் சரியாகக் கண்டவர்கள், அதன் எல்லையையும் மறைக்காமல் சொன்னார்கள். அந்த நேர்மை நமக்கும் வேண்டாமா?

ஆகவே தெளிவாகவே சொல்கிறேன். நாய்க்கடிக்கு வெறிநோய் வராமல் காக்கிற பச்சிலையோ, சூரணமோ, மந்திரிப்போ கிடையாது. ஊசி மட்டும்தான் உண்டு. சில ஊர்களில் ஊமத்தையைக் கொடுக்கிறார்கள். ஊமத்தையே விஷம், கடிபட்டவருக்கு இரட்டை ஆபத்து.

‘எங்க தாத்தா கொடுத்த மருந்துல எத்தனையோ பேர் பிழைச்சாங்களே’ என்பீர்கள். யோசித்துப் பாருங்கள். கடிக்கிற நாய் எல்லாம் வெறிநாய் அல்ல. வெறியில்லாத நாய் கடித்தவர் மருந்தே சாப்பிடாவிட்டாலும் பிழைத்துத்தான் இருப்பார். மருந்துக்குப் பேர் வந்துவிட்டது, அவ்வளவுதான். வெறிநாய் கடித்தவர் திரும்பி வந்து குறை சொல்ல மாட்டார். அதனால் தோல்வி மட்டும் வெளியே தெரிவதில்லை.

கடித்தவுடன் என்ன செய்ய வேண்டும்?

1. ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு, கடிகாரம் பார்த்து, முழுசாக 15 நிமிஷம் காயத்தைக் கழுவுங்கள். துணி சோப்பானாலும் பரவாயில்லை. இந்தக் கிருமியைச் சுற்றிக் கொழுப்பாலான ஓர் உறை உண்டு. சோப்பு அதைக் கரைத்துவிடும். இந்த 15 நிமிஷம் பாதி வைத்தியம்.

2. மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள், எண்ணெய், மஞ்சள் எதையும் வைக்காதீர்கள். காயத்தை இறுக்கிக் கட்ட வேண்டாம். தையல் போட அவசரப்பட வேண்டாம்.

3. அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். ஊசி இலவசம். தோலில் போடும் முறையில் முதல் நாள், அதிலிருந்து 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என்று நாலு தடவை. தசையில் போடும் முறையில் 14ஆம் நாளும் சேர்ந்து ஐந்து தடவை.

4. ரத்தம் வருகிற காயம், தலை, முகம், கழுத்து, விரல் ஆகிய இடங்களில் கடி, ஏற்கெனவே உள்ள புண்ணில் நாய் நக்கியது, இவற்றுக்கெல்லாம் ஊசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு மருந்தையும் காயத்தைச் சுற்றியே போட வேண்டும். தடுப்பூசி உடம்பில் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கச் சில நாள் பிடிக்கும். அதுவரை காவல் நிற்பது இதுதான். கேட்டு வாங்குங்கள். எங்கள் பக்கத்தில் சிறிய ஆஸ்பத்திரியில் இல்லையென்றால் தேனி க.விலக்கு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி வரை போகத் தயங்கக் கூடாது.

5. முதல் ஊசியோடு நிறுத்திவிடாதீர்கள். வலி போச்சு, புண்ணு ஆறிப்போச்சு என்று மூன்றாவது ஊசியை விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். மலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஊசிச் சீட்டைப் பத்திரமாகக் கையில் வைத்திருங்கள். போட வேண்டிய நாளில் எந்த ஊரில் இருக்கிறீர்களோ அங்கே உள்ள அரசு ஆஸ்பத்திரியில் காட்டித் தொடரலாம்.

6. கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய், கைக்குழந்தை, சர்க்கரை நோயாளி எல்லோருக்கும் இந்த ஊசி போடலாம். கத்தரிக்காய் கூடாது, கருவாடு கூடாது என்ற பத்தியம் எதுவும் இதற்குக் கிடையாது.

7. நாயைப் பத்து நாள் கவனியுங்கள் என்பது சரி. ஆனால் பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்பது தவறு. ஊசியை முதல் நாளே ஆரம்பித்துவிட்டு நாயைக் கவனிக்க வேண்டும். கடித்தது குட்டிதானே, நம் வீட்டு நாய்தானே, பூனைதானே என்ற சமாதானமும் வேண்டாம். டாக்டரிடம் சொல்லி அவர் முடிவுக்கு விடுங்கள்.

குழந்தைகளிடம் ஒன்று சொல்லி வையுங்கள்: ‘நாய் பிறாண்டினாலும் அம்மா திட்ட மாட்டேன், உடனே வந்து சொல்லு.’ திட்டுக்குப் பயந்து மறைக்கிற பிள்ளைகள்தான் ரொம்ப ஆபத்தில் இருக்கிறார்கள். நாய் துரத்தினால் ஓடாமல் அசையாமல் நிற்கவும், தின்கிற நாயையும் குட்டியோடு இருக்கிற நாயையும் நெருங்காமல் இருக்கவும் பழக்குங்கள்.

நம் தெருவின் பங்கு

பெரிய நகரங்கள் பட்ட பாடு இப்போது போடி, தேனி, கம்பம் மாதிரி வளர்கிற ஊர்களின் வாசலுக்கும் வந்துவிட்டது. கறிக்கடைக் கழிவும் ஓட்டல் எச்சிலும் சாலையோரம் கொட்டப்படும்வரை எந்த வண்டி வந்து எத்தனை நாயைப் பிடித்தாலும் பலன் இல்லை. நாய்க்குச் சோறு வைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பள்ளிக்கூட வாசலிலும் பஸ் நிறுத்தத்திலும் வைக்காதீர்கள். நீங்கள் சோறு வைக்கிற நாய் உங்கள் கைக்கு வரும், ஊசி போடுகிறவர் கைக்கு வராது. அதைப் பிடித்துக் கொடுத்து ஊசி போட வைக்க உங்களைவிட்டால் யார் இருக்கிறார்கள்? அதுதான் உண்மையான ஜீவகாருண்யம்.

பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28ஆம் தேதியை உலக வெறிநோய் தினமாகக் கடைப்பிடிக்கிறார்கள். அதையொட்டி அரசு கால்நடை மருந்தகங்களில் நாய்களுக்கு இலவசமாகத் தடுப்பூசி போடுகிற முகாம்கள் நடக்கும். காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி இன்றைக்கே ஒரு வட்டம் போட்டு வையுங்கள். உங்கள் வீட்டு நாய் ஒன்று, தெருவில் நீங்கள் சோறு வைக்கிற நாய் ஒன்று, இரண்டையும் கூட்டிக்கொண்டு போங்கள்.